பதினெட்டாயிரம் ரூபாய் கேபிளும் பச்சை பிடித்த முனையும்

எங்கள் வீடு திருவான்மியூரில். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், ஏசி அவுட்டோர் என எதையும் உப்புக்காற்று விட்டுவைத்ததில்லை. ஸ்பீக்கர் ஒயரை மட்டும் விட்டுவைக்கும் என்று எந்த நம்பிக்கையில் இருந்தேனோ!

நாலு வருஷம் முன்னால் நடந்தது. ஆம்ப் என்கிற ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வீட்டு வயரிங்குக்குப் போடும் சாதாரண ஒயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகப் பாட்டு மந்தம். கஞ்சிராவின் சலங்கை, தம்பூராவின் ரீங்காரம் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல. ஒரு ஷோரூமுக்குப் போனேன். ஏசி, சோபா, ஏலக்காய் டீ. பாம்புச்சட்டை மாதிரி வலையுறை போட்ட மூன்று மீட்டர் கேபிள், ஜோடி 18,000 ரூபாய். வாங்கி வந்து மாட்டினேன். போர்வை விலகியது, நிஜமாகவே. மனைவி விலையைக் கேட்டாள். பேச்சை மாற்றினேன்.

ஆறு மாதம் கழித்து ஹாலில் சோபாவை இடம் மாற்றினதில் வலது ஸ்பீக்கர் ஆறு மீட்டர் தள்ளிப் போனது. புதுக் கேபிள் எட்டவில்லை. பரணில் சுருட்டிப் போட்டிருந்த பழைய ஒயரை இறக்கினேன். முனையைப் பார்த்தால், பல வருஷம் புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடம்தான். பச்சையும் கறுப்புமாக. மின்தடை அளக்க மல்டிமீட்டரை வைத்தால் எண் ஒரு இடத்தில் நிற்காமல் குதித்தது. ஒரு அங்குலம் வெட்டினேன், புதிதாகத் தோலுரித்தேன், உள்ளே செக்கச்செவேல் என்று தாமிரம். இப்போது எண் நின்றது. ஆம்ப்பின் பின்பக்கத் திருகுகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, ரெண்டு பக்கமும் பழைய ஒயரையே இறுக்கி மாட்டினேன். அதே கஞ்சிரா, அதே சலங்கை.

“ஏங்க, பாட்டு நல்லாத்தானே கேக்குது? இன்னும் அதுக்குப் பின்னாடி உக்காந்து என்ன பண்றீங்க?” என்றாள்.

என்ன சொல்ல? பதினெட்டாயிரம் கொடுத்து நான் வாங்கி வந்தது துருப்பிடிக்காத நாலு ஜோடி முனை.

கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த சோதனை இல்லை இது, அதனால் என் காதையும் நான் முழுதாக நம்பவில்லை. எந்த ஒயர் மாட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால் காது கண் சொல்வதைத்தான் கேட்கும். 2007-ல் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர் ஒரு பந்தயம் வைத்தார். 12 அடி ஜோடிக்கு 7,250 டாலர் விலை போட்ட ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர். ஏகப்பட்ட வாய்ச்சண்டை நடந்தது. சோதனை மட்டும் நடக்கவேயில்லை.

அதற்காக ‘ஒயர் எல்லாம் ஒன்றுதான்’ கட்சியிலும் நான் சேரமாட்டேன். ஸ்பீக்கர் ஒயரில் தடிமன் முக்கியம். அமெரிக்காவின் மெக்கின்டாஷ் ஆம்ப் கம்பெனியில் ஒலியியல் ஆராய்ச்சியைக் கவனித்த ரோஜர் ரஸ்ஸல் சொன்ன கணக்கு எளிமையானது: போக வர ஒயரின் மொத்த மின்தடை, ஸ்பீக்கரின் இம்பிடன்ஸில், அதாவது ஸ்பீக்கர் தானே காட்டும் மின்தடையில், 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம். ஆறு மீட்டர் தூரம் என்றால் போக வர 12 மீட்டர். ரெண்டரை ஸ்கொயர் (குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்) தாமிர ஒயரில் அது 0.08 ஓம்தான் வரும். டப்பாவோடு இலவசமாக வரும் அரை ஸ்கொயர் நூல் ஒயரில் 0.41. அங்கே சத்தம் குறைவதோடு போகாது. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் ஒரு சுருதியில் 5 ஓமாகவும் இன்னொன்றில் 20 ஓமாகவும் நடந்துகொள்ளும். மெல்லிய ஒயர் ஒரு இடத்தில் அதிகம் தின்னும், ஒரு இடத்தில் கம்மியாக. குரலின் நிறமே மாறிவிடும். இந்த வித்தியாசத்தை நான் நம்புகிறேன், ஏனென்றால் மீட்டரும் காட்டுகிறது. ரெண்டரை ஸ்கொயருக்கு மேல் போய் நம் ஊர் ஹாலில் என்ன சாதிப்பார்கள் என்றுதான் புரியவில்லை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒயர் வாங்கப் போகிறவர்கள் பிளேடு கொண்டுபோங்கள். ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் தாமிர முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்தும் திறன் தாமிரத்தில் 60 சதவீதம் அளவுதான், அதனால் அதே தடிமனுக்குத் தடை எகிறும். சுருளைக் கையில் எடுத்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். “பாய், இது அலுமினியம்ல?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒளிக்கமாட்டார்கள். “ஆமா சார், நல்லது வேணுமா, மேல இருக்கு” என்பார்கள். நீங்களாகக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் அது வேறு கதை. வெள்ளீயம் பூசிய தாமிரம், கடலோர வீட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது. கண்ணில் பட்டால் எனக்கும் பத்து மீட்டர் சேர்த்து வாங்குங்கள்.

‘ஆக்சிஜன் இல்லாத தாமிரம்’ என்று தனி விலை சொல்வார்கள். நல்ல மின்சார ஒயரின் தாமிரத்தைவிட அது கடத்துவது அதிகம்போனால் ஒரு சதவீதம் கூடுதல். ஆறு மீட்டர் ஒயரை ஆறு சென்டிமீட்டர் குறைத்து வெட்டினால் அந்த லாபம் வந்துவிடும்.

எச்டிஎம்ஐ, ஆப்டிகல் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கோளாறு இருந்தால் படபடவென்று வெட்டும், இல்லாவிட்டால் நன்றாக வரும். டிஜிட்டல் கேபிளில் ‘குரலில் ஈரம் கூடியது’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பழைய என்னைப் பார்ப்பது போலிருக்கிறது.

கேபிள் உண்மையாகவே ஒலியை மாற்றும் இடம் இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிளிலிருந்து ஆம்ப்புக்கு வரும் கேபிள்தான் அது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் ‘மூவிங் மேக்னட்’ வகைகள் பலவும் மொத்தமாக 150 முதல் 300 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கும் அளவு) எதிர்பார்க்கும். சாதாரணக் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 கொண்டுவந்துவிடும், ஆம்ப் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம். ‘எட்டவில்லை’ என்று மூன்று மீட்டர் கேபிள் போட்டீர்களானால் மேல் சுருதி முதலில் கீச்சிடும், அப்புறம் சட்டென்று விழும். இங்கே தேவை விலை இல்லை, ஒரு மீட்டர் நீளம்.

‘ம்ம்ம்’ என்று உறுமுகிறதா? கேபிள் வாங்க ஓடாதீர்கள். கேபிள் டிவி ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து ஒரு நிமிஷம் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் இரண்டு வழியாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகினாலே சில சமயம் சரியாகிவிடும்.

அந்தப் பாம்புச்சட்டைக் கேபிள் இப்போது பரணில், பழைய ஒயர் இருந்த அதே பையில். விற்கலாம் என்று பார்த்தேன், மூவாயிரத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. பழைய ஒயரின் முனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுகிறேன். வலது பக்கம் இப்போது கொஞ்சம் இழுத்துத்தான் எட்டுகிறது. போன வாரம் சோபாவை இன்னும் ஜன்னலோரம் தள்ளலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.