உண்ணிக் கடியும் எங்கள் பிள்ளைகளின் மௌனமும்

வெளிநாட்டு மருத்துவ மாணவர்களோடு எங்கள் மாணவர்கள் இணையவழியில் சேர்ந்து உட்கார்ந்த குழு வகுப்பு பற்றிய அந்த மதிப்பீட்டுக் குறிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'இந்தியக் குழு பெரும்பாலும் மௌனமாக இருந்தது.' எழுதியவர் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. சிரிப்புப் பொம்மை போட்டுப் பகிர்ந்த நம்மூர் மருத்துவப் பெருமக்களுக்குத்தான் இந்தப் பதிவு.

அன்று கொடுத்த கேஸ் என்ன? காட்டுப் பாதையில் நடந்தவரை உண்ணி கடித்து லைம் நோய். திருவாரூர்ப் பக்கம் வளர்ந்த பிள்ளை அதைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கும். அங்கிருப்பவர்களுக்கோ கோடைதோறும் கேள்விப்படும் சங்கதி. கேஸ் யாருடையதோ, பேச்சும் அவர்களுடையது.

இந்த வகுப்பு நடப்பது, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிய முறையில். சிறு குழுவாக உட்கார்ந்து, நோயாளியின் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, தெரிந்ததிலிருந்து தொடங்கித் தெரியாததைத் தேடிப் போக வேண்டும். அருமையான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் 'தெரிந்தது' லைம் நோயில் எங்கள் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்?

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, விடியற்காலையில் ஒரு வயல் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். வயிற்றுவலி, வாந்தி. உடம்பில் கடித்த தடமே இல்லை. "இமையைப் பாருங்கள் டாக்டர், தூக்க முடியவில்லை. ராத்திரி தரையில்தான் படுத்தாராம்" என்றார் செவிலியர் அக்கா. கட்டுவிரியன்! தடம் தெரியாமல் கடித்து, மூச்சுவிடும் தசைகளையே முடக்கிவிடும். விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் கொடுத்து, மனிதர் பிழைத்தார். இந்தக் கேஸை ஒருமுறை வையுங்கள். இல்லையென்றால், சேற்றில் நின்று நடவு நட்டவர் காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக வரும் எலிக்காய்ச்சலை வையுங்கள். யார் மௌனமாக இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

"நாளை வெளிநாடு போனால் லைம் நோய் தெரிய வேண்டாமா?" வேண்டும், படிக்கட்டும். "ஆங்கிலம் வராததற்கு இது ஒரு சாக்கு" என்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது. அன்று வாய் திறக்காத அந்த மாணவிதான், வார்டில் ஒரு பாட்டியின் கட்டிலோரம் உட்கார்ந்து பேசிப் பேசியே, பூச்சிமருந்து தெளித்த கையைக் கழுவாமல் அவர் சாப்பிட்டதைக் கண்டுபிடித்தவள். அவளுக்கா பேசத் தெரியாது?

"இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லாதே" என்பவர்களுக்கு: வகுப்பு அந்த வெளிநாட்டு மாணவர்களுக்கு மாலை 5 மணிக்கு, எங்களுக்கு இரவு 8.30க்கு. பகலெல்லாம் வார்டில் நின்ற பிள்ளைகள், விடுதி மொட்டை மாடியில் சிக்னல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். நல்ல இலவசம்!

கட்டுவிரியன் கேஸை அந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கு நானே எழுதி அனுப்பினேன். தங்கள் மாணவர்களுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்று பணிவாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். லைம் நோய் மட்டும் எங்களுக்குப் பொருந்தியதாமா?