விர்ச்சுவல் ரேம் போட்டா 8 ஜிபி 16 ஆகாது
ஒரு அண்ணன் போன் செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் ரேம் 8 ஜிபி ஆன் பண்ணிட்டா 8 ஜிபி போன் 16 ஜிபி போன் மாதிரி பறக்கும்னு போட்டிருக்காவ, அது தப்பு அண்ணே. அது ரேமே (ஓடுற ஆப்பை வச்சிருக்க வேகமான மெமரி) கிடையாது, போட்டோ, வீடியோ கிடக்க ஸ்டோரேஜ்ல ஒரு பங்கை ரேம் மாதிரி ஒதுக்குகது, அவ்வளவுதான். எல்பிடிடிஆர்4எக்ஸ்ங்க வகை ரேம் செகண்டுக்கு 17 ஜிபி கிட்ட தரும், யூஎஃப்எஸ் 2.2ங்க வகை ஸ்டோரேஜ் 1 ஜிபி சுமார்தான், துண்டு துண்டா படிக்கும்போ அதுவும் வராது. பின்னாடி கிடக்க ஆப் மூடாம இருக்க கொஞ்சம் உதவும், சரி. ஆனா கேம் திக்குகது பெரும்பாலும் ஜிபியூவும் (படம் காட்டுற சிப்) சூடும்தான், மார்த்தாண்டம் வெயில்ல பைக்ல போனை மாட்டி மேப் ஓட்டுனா புராசஸர் தானா வேகத்த குறைச்சிரும், அதுக்கு விர்ச்சுவல் ரேம் என்ன செய்யும்? தக்கலை, வடசேரின்னு எந்தக் கடையில வாங்குனாலும் 16 ஜிபின்னு ஸ்டிக்கர் இருந்தா அது 8+8 (நிஜ ரேம் 8, விர்ச்சுவல் 8) தானான்னு கேட்டுட்டு துட்டு குடுங்க. ஸ்டோரேஜ் நிறைஞ்ச போன்னா முதல்ல வாட்ஸ்ஆப் வீடியோவ அழிச்சு இடம் விடுங்க.