பசுமை வேதியியல் என்றால் மூலிகை மருந்து அல்ல

அக்கா, "பசுமை வேதியியலில் செய்த காசநோய் மருந்து வரப்போகிறது, மூலிகை மாதிரி, பக்கவிளைவே இல்லை, கிளினிக் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் ஆட்கள் பலர் இதைப் படிப்பார்கள். தயவுசெய்து திருத்துங்கள்.

'பசுமை' என்பது மருந்தைச் செய்யும் முறை. 137 கிராம் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்தையும், 152 கிராம் வனிலின் என்ற வெனிலா வாசனைப் பொருளையும் கரைப்பானே இல்லாமல், எஃகுக் குண்டுகள் போட்ட குடுவையில் அரைத்தால், கணக்குப்படி 271 கிராம் ஃப்டிவாசிட் என்ற பழைய காசநோய் மருந்து வரும். மிஞ்சுவது 18 கிராம் தண்ணீர். வனிலின் சுமார் 81 டிகிரியில் உருகும். குடுவை அதிகம் சூடேறினால் கலவை பசையாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், வினை அரைகுறையாக நிற்கும். மருந்துத் தயாரிப்பில் வழக்கமாக ஒரு கிலோ மருந்துக்கு 25 முதல் 100 கிலோ, அதற்கு மேலும் கழிவு சேரும், பெரும்பாலும் கரைப்பான். குறைவது அந்தக் கழிவுதான்.

மூலக்கூறு மாறாது. எந்த முறையில் செய்தாலும் ஐசோனியாசிட் கல்லீரலையும் நரம்பையும் தாக்கலாம். நரம்புக்காகத்தான் கூடவே வைட்டமின் பி6 தருகிறார்கள். மருந்துக்கு மசியாத காசநோய்க்குத் தரும் பெடாகுவிலின் எடுப்பவருக்கு, இதயத்துக்காக ஈ.சி.ஜி. பார்த்தே ஆகவேண்டும்.

சாதாரணக் காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. இருமல் சில வாரங்களிலேயே அடங்கிவிடும், ஆனால் மெல்ல வளரும் கிருமிகள் உள்ளேயே இருக்கும். அப்போது நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு மசியாமலும் போகலாம். கண் மஞ்சளானாலோ பாதம் மரத்துப்போனாலோ அன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள். அரசு கிளினிக்கில் சிகிச்சை இலவசம்.