நான் ஸ்பேட் கேட்டது காதில் விழவில்லையா அண்ணே?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் எதிராளி என்னைத் தோற்கடித்தால் எனக்கு வருத்தமே இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் என் சொந்தக் கூட்டாளி தோற்கடிக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சுங்கை சிப்புட்டில் பிரிட்ஜ் ஆட நான்கு பேர் சேர்வதே பெரிய பாடு. தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிலருக்குத்தான் ஆட்டம் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். ஊரில் மிச்சம் இருக்கிற பையன்களுக்கு ரம்மி போதும். ஆக, கூட்டாளியை மாற்றவும் வழி இல்லை. அதோடு அவர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய வாயால் எப்படித் திட்டுவது? அதனால்தான் எழுதித் தீர்க்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 52 சீட்டு, ஆளுக்கு 13. ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்று நான்கு வரிசை. ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டையும் வெல்வது ஒரு பிடி. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம். ஏலம் எடுத்தவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டைப் போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் எடுத்தவரின் கூட்டாளி தன் சீட்டுகளை மேசையில் விரிப்பார், அதுதான் டம்மி. ஆக, முதல் சீட்டைப் போடுகிறவருக்குத் தெரிந்தது தன் கையில் இருப்பதும், காதால் கேட்ட ஏலமும், அவ்வளவுதான். அந்த ஏலத்தையும் கேட்காத மனிதரை என்ன செய்வது?

போன சனிக்கிழமை நடந்தது இது. எனக்கு வலப்பக்கம் இருப்பவர் தன் கூட்டாளி கேட்ட ஒரு ஹார்ட்டை ஆதரித்து இரண்டு ஹார்ட் என்றார். நான் இரண்டு ஸ்பேட் கேட்டேன். என் கையில் ஸ்பேட் ஏஸ், ராஜா, ஜாக்கி, பத்து, இரண்டு. கேட்டது அந்த ஏலத்தை எடுக்கவேண்டும் என்றா? இல்லையய்யா, முதல் சீட்டு அங்கே வரட்டும் என்று! முதலில் ஹார்ட் கேட்ட எதிராளி நான்கு ஹார்ட்டுக்குத் தாவினார், அதாவது பத்துப் பிடி எடுப்பாராம். எல்லோரும் பாஸ். அண்ணனிடம் ஸ்பேடில் ஏழும் மூன்றும் இருந்தன. ஏழைப் போட்டிருந்தால் நான் இரண்டு ஸ்பேட் பிடித்து, டைமண்ட் ராணியைப் போட்டிருப்பேன். ஏலம் எடுத்தவரிடம் டைமண்டில் ராஜாவும் நாலும் மட்டும்தான், டம்மியில் வெறும் பொடிச் சீட்டு. அண்ணன் கையில் டைமண்ட் ஏஸும் ஜாக்கியும். ராஜா நடுவில் மாட்டி, நமக்கு அங்கேயும் இரண்டு பிடி. மொத்தம் நான்கு, ஏலம் முறிந்தது.

அண்ணன் போட்டது எது தெரியுமா? டைமண்ட் ஏஸ். படீரென்று, மேசை அதிர. எதிராளியின் நாலும் டம்மியின் மூன்றும் வந்து விழுந்தன. அதோடு அவருடைய ராஜா பத்திரமாகப் பெரிய சீட்டாகிவிட்டது. பத்துப் பிடி, 420 புள்ளி அவர்களுக்கு. முறித்திருந்தால் நமக்கு 50.

ஏன் அண்ணே என்றால், "ஏஸ போட்டாத்தான தம்பி டம்மிய பாக்கலாம்." பார்த்தீர்களே, என்ன கிடைத்தது? ஏஸ் இருப்பது எதிராளியின் ராஜாவையோ ராணியையோ பிடிக்க. சும்மா தூக்கிப் போட்டால் பிடிபடுவது மூன்றும் நாலும்தான். ஏஸும் ராஜாவும் சேர்ந்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? இல்லையென்றால் துருப்பு உள்ள ஆட்டத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் நல்லது.

துருப்பே இல்லாத நோ டிரம்ப் ஆட்டமென்றால் கொடுமை இன்னும் அதிகம். நீளமான வரிசையின் நான்காவது பெரிய சீட்டைப் போடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அப்படிப் போட்டால் 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்து, மற்ற மூவரிடமும் அதைவிடப் பெரியது எத்தனை என்று கணக்குப் போடலாம். அண்ணன் ஏழைப் போட்டார். 11-இல் ஏழு போக நாலு. டம்மியில் ஜாக்கியும் எட்டும், என் கையில் ராஜாவும் பத்தும். நாலும் தீர்ந்தது, எதிராளியிடம் ஏழுக்கு மேல் ஒன்றுமே இல்லை! டம்மியிலிருந்து பொடிச் சீட்டு வந்ததும் நம்பிக்கையோடு பத்தைப் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ராணியை வைத்தார். அண்ணனிடம் இருந்தது ஏழு, மூன்று, இரண்டு. "ஏழுதான் பெருசு, அதான் போட்டேன்." அப்படியென்றால் அந்த ஒப்பந்தம் எதற்கு? தே தாரிக் குடித்துக்கொண்டே பேசிச் சிரிக்கவா?

இவர் ஏலம் கேட்கும் அழகு தனி. ஜாக்கியைத் தலையாக வைத்த ஐந்து கிளப்பை நம்பி, எதிராளியின் ஏலத்துக்கு மேல் இரண்டு கிளப் என்பார். கையில் பெரிய சீட்டுகளுக்கு 12 புள்ளி இருக்கிறதாம். புள்ளி இருக்கட்டும், அவை எல்லாம் வேறு வரிசைகளில்! நான் அவர் பேச்சை நம்பி என் ராஜாவும் இரண்டும் இருக்கும் கிளப்பிலிருந்து ராஜாவைத் தூக்கிப் போட்டு, பிடியைத் தாரை வார்ப்பேன். கூட்டாளி எதைக் கேட்டாரோ அதைப் போடுகிறவன் நான். அதனால்தான் குப்பையைக் கேட்காதீர்கள் என்கிறேன். மூன்று கிளப் என்று ஏழு சீட்டுக்காக ஒரேயடியாகத் தாவிக் கேட்டுவிட்டால், சொல்ல வேண்டியது சொல்லியாயிற்று, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். இவரோ அடுத்த சுற்றில் ஐந்து கிளப் என்று மறுபடி கிளம்புவார். சொன்னதையே சொல்ல எதற்கு ஒரு ஏலம்? எதிராளி, தோற்றால் தண்டம் கூடட்டும் என்று டபுள் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார்.

சரி, இதெல்லாம் திருந்தும் என்று பொறுத்திருந்தேன். இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. பிளாக்வுட் ஆடவேண்டுமாம். நான்கு நோ டிரம்ப் சொல்லிக் கூட்டாளியிடம் எத்தனை ஏஸ் என்று கேட்கும் முறை, 1933-லிருந்து இருக்கிறது. நல்ல முறைதான், ஆனால் 12, 13 பிடி எடுக்கும் ஸ்லாம் எங்களுக்கு எப்போதாவதுதான் வரும். ஆட்டங்களில் ஏறத்தாழ பாதியில் தடுக்கும் பக்கம் நாங்கள், அதில் பாதியில் முதல் சீட்டு அண்ணன் கையிலிருந்து. நாலு ஆட்டத்துக்கு ஒன்று! அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசலாமென்றால் மனிதர் மீ கோரெங் நூடுல்ஸ் சொல்லப் போய்விடுகிறார்.

"தம்பி, இந்த பிளாக்வுட்ட அடுத்த வாரம் ஆடிப் பாப்பமா?" என்கிறார்.

ஆடலாம் அண்ணே. முதலில் நான் கேட்ட ஸ்பேடைப் போடுங்கள்.