பரிசலுக்கு ஒரு மஞ்சள் கோடு

பரிசல் கவிழ்ந்து ஆள் போய்விட்டது என்று செய்தி வந்தால், "லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்னால் எத்தனை பேர் ஏறினார்கள், எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அடிப்பாகம் 1.6 மீட்டர் விட்டமுள்ள பரிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். 60 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் அது 3 செ.மீ. மட்டுமே அமிழும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. "இன்னும் ஒருத்தர்தானே, ஏறிக்கோங்க" என்ற தாராளம் இதனால்தான் வருகிறது. அப்படியே நாலு பேர் கூடுதலாக ஏறியபின் ஒருவர் செல்ஃபிக்கு எழுந்து ஓரம் சாய்ந்தால், விளிம்பு தண்ணீரை மொண்டுவிடும்.

அந்த முதல் தண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே 5 செ.மீ. நின்றால் கணுக்கால்கூட முழுசாக நனையாது. ஆனால் அது 100 லிட்டர், அதாவது 100 கிலோ. மனுஷன் மாதிரி சொன்ன இடத்தில் உட்காராது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மொத்தமும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். பயந்துபோய் எல்லோரும் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் அடுத்த ஆட்டத்தில் தண்ணீரும் ஆட்களும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். நகராமல், அடியில் குந்தி, ஒருவர் மட்டும் இறைக்க வேண்டும். அதற்கு 5 லிட்டர் கேனைச் சரிவாக வெட்டி, பரிசலோடு கயிற்றில் கட்டி வைத்திருக்க வேண்டும்.

எந்த அளவுக்கு அமிழலாம் என்று காட்டும் சுமைக்கோடு கப்பல்களுக்குக் கட்டாயம் என்று பிரிட்டன் 1876-லேயே சட்டம் போட்டது. பரிசலுக்கு ஏன் கூடாது? முழ ஆழப் பரிசல் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் கீழே, வெளிப்பக்கம் சுற்றிலும் மஞ்சள் பெயிண்ட். கோடு நனைந்தால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். இது அசையாத தண்ணீருக்கு. இழுவை உள்ள ஆற்றில் இன்னும் குறைவாகத்தான் ஏற்ற வேண்டும். மேலே பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து ஏறினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை போட அதிகாரிகள் இருக்கிறார்கள். சீட்டு கொடுக்கவே ஆளில்லாத சின்னத் துறைகளில் அந்தக் கோடுதான் அதிகாரி.

ஜாக்கெட்டுக்கு வருவோம். மாட்டினால் போதாது, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மோவாய்க்கு மேல் ஏறினால் அது தண்ணீரில் கழன்றுவிடும். குழந்தைக்குக் கவட்டைப் பட்டை இல்லாத ஜாக்கெட் வேண்டாம். துப்பட்டா, தோள்பை எல்லாம் மாட்டிக்கொண்டு அதன்மேல் ஜாக்கெட் போடுவதும் வீண்.

மேட்டூர் அணையில் தினமும் வலை வீசுகிறவரிடம் ஜாக்கெட் போடச் சொன்னால் கை ஓடாது என்பார். நியாயம்தான். 20 லிட்டர் காலி கேனை மூடி இறுக்கி விளிம்பில் கட்டிக்கொள்ளட்டும். ஒரு ஆளின் தலை மேலே நிற்க 5 கிலோ மிதப்பு போதும். ஒரு கேன் மூன்று பேரைத் தாங்கும். ஃபைபர் பரிசலுக்கு இது கட்டாயம் வேண்டும். மூங்கில் ஓரளவு மிதக்கும், காற்றறை இல்லாத ஃபைபர் தண்ணீர் நிறைந்தால் அடிக்குப் போய்விடும். லுங்கியை மடித்துக் கட்டாதீர்கள், கழற்றிவிட்டு டவுசரோடு போங்கள். நனைந்த லுங்கி காலை விலங்கு மாதிரி கட்டும்.

கவிழ்ந்துவிட்டால் பரிசலை விடாதீர்கள், மேலே ஏறவும் பார்க்காதீர்கள். ஓடும் ஆற்றில் பரிசலுக்கு மேல்புறமாக, அதாவது தண்ணீர் வரும் பக்கமாக இருங்கள். தண்ணீர் போகும் பக்கம் இருந்தால் பாறைக்கும் பரிசலுக்கும் நடுவில் நசுங்குவீர்கள். பரிசல் கைநழுவினால் மல்லாந்து, கால்கள் முன்னே போகும்படி மிதக்க வேண்டும். இழுவையில் எழுந்து நின்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கும்.

கரையில் இருப்பவர்கள் குதிக்க வேண்டாம், கயிற்றை எறியுங்கள். கயிறு இல்லையா, சேலையை வீசுங்கள். 2020-ல் பெரம்பலூர் கொட்டரையில் பெண்கள் சேலையை வீசித்தான் இரண்டு பேரை மீட்டார்கள். தூக்கிக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகச் சுற்றுவதையும் வயிற்றை அமுக்குவதையும் எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை. மூச்சில்லை என்றால் முதலில் 5 முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நெஞ்சு நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. 108 வந்து சேரும்வரை, ஆள் மாற்றி ஆள்.