ஈரத் தரைக்குக் கல் கேட்டால் பளபளப்பைக் காட்டுகிறார்கள்

மூன்று வாரமாக ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். பாத்ரூம் தரையில் பதிக்கிற இந்த மொசைக் கல்லில் தண்ணீரும் சவர்க்காரமும் பட்டால் வெறுங்கால் வழுக்குமா, வழுக்காதா? பாகான் செராயில் ஒரு கடை, தைப்பிங்கில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன். நேராகப் பதில் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

போன மாதம் அம்மா பாத்ரூமில் விழுந்துவிட்டார். வயது 71. வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். விடியாத இருட்டில், இரவு மழையில் ஊறிக் கிடந்த மேட்டில், பால் வாளியோடு ஏறி இறங்கிய கால் அது. அங்கெல்லாம் விழாதவரை, தாமானில், அதாவது குடியிருப்பில், வாங்கிய வீட்டின் நான்கடிப் பாத்ரூம் தள்ளிவிட்டது. வீட்டோடு வந்த கல். சந்தன நிறம், முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கு. சவர்க்கார நுரை பட்டால் எண்ணெய் தடவிய தட்டு மாதிரி ஆகிவிடும்.

முன்பு தோட்டத்து லயத்து வீட்டில் குளித்த இடம் வெறும் சிமெண்டுத் தரை. ஈரம் காயுமுன் விளக்கமாற்றால் கோடு கீறிவிட்டிருந்தார்கள். அழகு கிடையாது. ஆனால் கால் நின்றது. காசு கொடுத்து வாங்கிய வீட்டில் அதுகூட இல்லை என்றால் வயிறு எரியாதா?

கடையில் நடப்பதைக் கேளுங்கள். ஏர்கான் போட்ட அறை, தலைக்கு மேல் விளக்கு, காய்ந்த கல். விற்கும் பையன் உள்ளங்கையால் அதைத் தடவிக் காட்டி, "அக்கா, இது மேட். தாக் லிச்சின்", வழுக்காது என்கிறான். காய்ந்த கையால் காய்ந்த கல்லைத் தடவினால் எது வழுக்கும்? மேட் என்றால் மினுக்கு இல்லை, அவ்வளவுதான். ஈரத்தில் வழுக்காது என்று அதற்கு அர்த்தமே கிடையாது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்றேன். தரை ஈரமாகிவிடுமாம்! எங்கள் வீட்டுப் பாத்ரூமில் தரை என்றைக்குக் காய்ந்தது? தைப்பிங் பக்கம் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 4,000 மில்லிமீட்டர் மழை. காலையில் போட்ட துண்டு சாயங்காலமும் ஈரமாகத்தான் தொங்குகிறது. குளிக்கத் தனித் தடுப்பும் கிடையாது, ஒருவர் குளித்தால் மூலை முடுக்கெல்லாம் தண்ணீர்.

இதற்கு அளவு இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. ஆர் 9-லிருந்து ஆர் 13 வரை ஒரு வரிசை. ஒரு கடையில் பெருமையாக "இது ஆர் 9" என்றார்கள். ஆர் 9 என்பது அந்த வரிசையின் அடிப்படி! அதுவும் எண்ணெய் ஊற்றிய சாய்வுப் பலகையில், சப்பாத்துப் போட்ட ஆளை நடக்கவிட்டு எடுக்கிற அளவு. அம்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டா குளிக்கிறார்? வெறுங்காலுக்கென்றே ஏ, பி, சி என்று தனி அளவு உண்டு. சவர்க்காரத் தண்ணீர் ஓடும் பலகையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள். 12 பாகை வரை கால் நின்றால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. எனக்கு வேண்டியது பி. இதைக் கேட்டால், "பி.இ.ஐ. 4 அக்கா, ரொம்ப ஸ்ட்ராங்" என்று பதில் வருகிறது. பி.இ.ஐ. என்பது மேல்பூச்சு எவ்வளவு தேயும் என்பதற்கான எண். தேயாத கல்லில் விழுந்தால் எலும்பு உடையாதா?

சொரசொரப்பு அதிகமாக இருப்பதையே எடுத்துவிடலாமே என்று அண்ணன் சொல்கிறார். அதில் சவர்க்கார அழுக்கு அப்பிக்கொள்ளும், பாசி ஏறும், குந்தி உட்கார்ந்து பிரஷ் போட வேண்டும். அந்த வேலையும் அம்மா தலையில்தான் விழும். அதனால்தான் பி என்று அடித்துக் கேட்கிறேன்.

அப்புறம் கொத்தனார். அவருக்கு 600-க்கு 600 மில்லிமீட்டர் கல்தான் வேண்டுமாம். சீக்கிரம் முடியும், கல்லுக்குக் கல் சந்து குறைவு, பார்க்கப் பெரிய வீடு மாதிரி இருக்கும் என்கிறார். அண்ணே, தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? நான்கு பக்கமிருந்தும் தரை ஓட்டையை நோக்கிச் சரிய வேண்டும். மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இறக்கமாவது வேண்டும். பெரிய கல் வளையாது. கோணலாக வெட்டிப் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் குட்டை கட்டும். குட்டை கட்டிய இடத்தில் பாசி, பாசி இருந்தால் மறுபடி ஒரு விழுகை. நூறு மில்லிமீட்டர்ச் சின்னக் கல் போட்டால் சரிவும் கிடைக்கும், சந்துகளில் காலும் பிடிக்கும். சந்து கறுக்கும் என்று பயமுறுத்துகிறார். சந்தை அடைக்கிற க்ரவுட் சாதாரண சிமெண்டு என்றால் தண்ணீரை உறிஞ்சும், கறுக்கத்தான் செய்யும். எப்பாக்ஸி க்ரவுட் அப்படி உறிஞ்சாது. விலை கூடத்தான். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேனே!

நான் கேட்பது இரகசியம் ஒன்றும் இல்லை. வெறுங்கால் சோதனை செய்த கல்லுக்கு அந்த எழுத்து தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். விலைச் சீட்டில் நிறத்தின் பெயரை இவ்வளவு பெரிதாக அச்சடிக்கிறவர்களுக்கு, பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து போட இடமில்லையா? சோதனையே செய்யாத கல் என்றால் அதையாவது வாய் திறந்து சொல்லலாம் இல்லையா? பாத்ரூம் கல் என்று எழுதித்தானே அடுக்கி வைத்திருக்கிறீர்கள்?

இப்போதைக்கு அம்மா ரப்பர் விரிப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குளிக்கிறார். சுவரைப் பிடிக்க இடது கை மட்டும்தான். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தம் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சனிக்கிழமை நான்காவது கடைக்குப் போகிறேன். ஒரு போத்தல் தண்ணீரும் சவர்க்காரக் கட்டியும் பையில் எடுத்து வைத்தாயிற்று. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அவர்கள் கல்லை நனைத்து, அதன்மேல் நானே ஏறி நின்று பார்க்கப்போகிறேன்.