நான்குமுகப் பகடையில் பிறந்த இருமல்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளிலிருந்து வந்த நாவல்களை இலக்கியமாக ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. எனக்கு அவற்றின் மேல் தீராத பிரியம் உண்டு. கோபமும் உண்டு.

பிரியத்துக்குக் காரணம் ரெய்ஸ்ட்லின். 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை அடிப்படையாக வைத்து, மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய முதல் 'டிராகன்லான்ஸ்' நாவல் 1984இல் வெளியானது. அதில் வரும் மந்திரவாதி இவன். பொன்னிறத் தோல். மணற்கடிகை வடிவில் கண்மணிகள். எதைப் பார்த்தாலும் அது மூத்து அழிவதாகவே அவனுக்குத் தெரியும். நாலு அடி நடந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். கூடப் பிறந்த இரட்டையன் கேரமன் மலைபோல உடம்புக்காரன். தம்பிக்கு மூலிகைக் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பான். பதிலுக்குச் சுடுசொல்தான் கிடைக்கும். அடுத்த வேளையும் அவனேதான் காய்ச்சுவான்.

அன்றைய விதிப்புத்தகத்தைப் புரட்டினால் அந்த இருமலின் வேர் தெரிகிறது. எவ்வளவு அடி தாங்குவான் என்பதைச் சொல்லும் உயிர்ப்புள்ளிகளுக்குப் போர்வீரன் உருட்டுவது பத்துமுகப் பகடை; மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடைதான். ஆரம்ப நிலையில் ஒரே அடியில் செத்துப்போவான். சொன்ன மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும். மறுபடி ஏட்டைப் படிக்க வேண்டும். வெறும் கணக்காக இருந்த இந்த மெலிவுக்கு நாவல் உடம்பும் வலியும் கொடுத்துவிட்டது. அவனுடைய கரகரத்த கிசுகிசுப்புக் குரலோ ஆட்டத்திலேயே பிறந்தது. நாவலுக்கு முன்பு ஹிக்மனின் வீட்டில் ஆடிப் பார்த்தபோது, அந்தப் பாத்திரத்தை ஏற்ற நண்பர் பேசிய குரல் அது. ஒரு மாலைப்பொழுதின் நட்பு இப்படி அச்சேறியிருப்பதை நினைத்தாலே எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

கோபம் வருவது, விதிப்புத்தகம் கதையின் கழுத்தில் ஏறி உட்காரும்போது. 1989இல் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, கொலையாளி என்ற பாத்திர வகையை நீக்கிவிட்டார்கள். அதே விளையாட்டின் இன்னொரு கற்பனை உலகமான 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' பற்றி அந்த ஆண்டு வந்த நாவல்களில், தெய்வங்களின் சண்டைக்காக அந்த உலகத்துக் கொலையாளிகள் அத்தனை பேரும் ஒரேயடியாகச் சாகிறார்கள். பதிப்பு மாறியதற்கு ஒரு கூட்டமே பலி! வாசகனின் நம்பிக்கையை இதைவிட எப்படி உடைக்க முடியும்?

இன்னொரு குறை, பயம் இல்லாமல் போவது. மேசையில் இருபதுமுகப் பகடை உருண்டு நிற்கும்வரை யாருக்கும் மூச்சு வராது. 1988இல் அறிமுகமான டிரிஸ்ட் என்ற வாள்வீரனோ முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களில் வாழ்ந்துவிட்டான். அவனை நோக்கி வரும் கத்தி என்னைப் பதற வைப்பதில்லை.

ஸ்டர்மின் சாவு வேறு. 1985இல் வந்த இரண்டாம் 'டிராகன்லான்ஸ்' நாவலில், தோழர்களுக்குச் சற்று அவகாசம் கிடைக்கட்டும் என்று அந்த வீரன் டிராகனை எதிர்த்துக் கோட்டை மதில்மேல் தனியாக நிற்கிறான். எதிரே ஈட்டியோடு வருபவள் அவனுடைய பழைய தோழி கிட்டியாரா. எத்தனை முறை படித்தாலும் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிடுகிறேன்.